எலிங்டனின் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீற்’: யாழ்ப்பாணத்துச் செவிகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஜாஸ் இசையாக்குநர்களான டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் இணைந்து ஆக்கிய ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீற்’ என்னும் ஜாஸ் தொடரிசை 1966 டிசெம்பர் 19 முதல் 21 வரை நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, 1967-இல் ஆர்.சி.ஏ. விக்டர் இசைத்தட்டாக வெளிவந்தது. ஒன்பது பகுதிகளைக் கொண்ட இந்தத் தொகுதி ஏறத்தாழ 44 நிமிடங்கள் ஓடுகிறது. கர்நாடக சங்கீதத்தையும் கோவில் மேளத்தையும் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து இரசிகர்கள் இதனை முதன்முறை கேட்கும்போது எழுப்பக்கூடிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்படுகின்றன.

ஜாஸ் இசையில் எத்தனையோ இசைத்தட்டுகள் இருக்க, நாங்கள் ஏன் இதைக் கேட்க வேண்டும்?

இந்த இசை பிறப்பதற்குக் காரணமான பயணம் எங்கள் பக்கமாக வந்த பயணம் என்பது முதற்காரணம். 1963 செப்டெம்பரில் அமெரிக்க அரசின் வெளிவிவகாரத் திணைக்களம் எலிங்டனின் இசைக்குழுவைக் கலாசாரத் தூதாக அனுப்பியது. டமஸ்கஸில் தொடங்கிய அந்தச் சுற்று அம்மான், காபூல், டில்லி, சென்னை, பம்பாய், இலங்கை, தெஹ்ரான், பக்தாத் என நீண்டு, துருக்கியை அடைந்தபோது, நவம்பர் 22-ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட செய்தியுடன் இடைநிறுத்தப்பட்டது. பக்தாத்தில் அவர்கள் தங்கியிருந்த நாட்களில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியே நடந்தது. இவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் திரும்பிய இரண்டு இசையாக்குநர்கள், மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து ஒலிப்பதிவு செய்த தொகுதி இது.

இரண்டாவது காரணம் இசை சார்ந்தது. அதுவே எனக்கு முக்கியமானது. 1966 என்பது மேலைநாட்டு இசைக்குழுக்கள் பலவும் சித்தார் வாத்தியத்தைத் தங்கள் பாடல்களில் சேர்த்துக் கீழைத்தேய வாசனையை வரவழைத்துக்கொண்டிருந்த ஆண்டு. எலிங்டன் அந்த வழியில் போகவில்லை. சித்தாரும் இல்லை, தபேலாவும் இல்லை, மேலதிகமாக ஒரு வாத்தியக்காரரும் இல்லை. வழமையாக அவருடன் வாசிக்கும் அதே 15 பேர்தான் இதிலும் வாசிக்கிறார்கள். கேட்டதை நகலெடுப்பதற்குப் பதிலாக, அது தன்னுள் ஊறித் தன் குழுவின் குரலாக வெளிவரும்வரை காத்திருந்தார் என்பதுதான் இந்தத் தொகுதியின் துணிவு.

‘ஒக்கெஸ்ட்ரா’ என்கிறீர்கள், ஆனால் ஒரு வயலின்கூடக் கேட்கவில்லையே?

சரியான அவதானிப்பு. எலிங்டன் தமது குழுவை ஒக்கெஸ்ட்ரா என்றே அழைத்தார். ஆனால் அது சிம்பொனிக் குழு போன்றதன்று. இந்த ஒலிப்பதிவில் ட்ரம்பெட் நான்கு, ட்ரொம்போன் மூன்று, சக்ஸபோன் மற்றும் கிளாரினெட் வாசிப்போர் ஐவர், இவர்களுடன் டபிள் பேஸ், ட்ரம்ஸ், எலிங்டனின் பியானோ. அவ்வளவே. வயலின் வரிசை செய்யக்கூடிய வேலையை இங்கே ஐந்து சக்ஸபோன்களும் பங்கிட்டுச் செய்கின்றன.

வெளியே தெரியாத ஒரு வேறுபாடு இதைவிடப் பெரியது. சிம்பொனிக்கு எழுதுபவர் ‘இரண்டாம் கிளாரினெட்’ என்று எழுதுவார். யார் வாசிப்பார் என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எலிங்டன் குழுவின் சுரத்தாள்களில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக ஆளின் பெயரே எழுதப்பட்டிருக்கும். ஹரி கார்னி 1927-இல் இருந்தும், ஜொனி ஹொட்ஜஸ் இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்தபோதிலும் 1928-இல் இருந்தும், ஜிமி ஹமில்ட்டன் 1943-இல் இருந்தும், போல் கொன்சால்வஸ் 1950-இல் இருந்தும் அங்கே வாசித்தவர்கள். ஒருவர் மூச்சை எப்படி இழுப்பார், எந்தச் சுரத்தில் அவருடைய தொனி கனக்கும், எங்கே கரகரக்கும் என்பதெல்லாம் எழுதுபவருக்கு அத்துப்படி. எங்கள் கோவில் திருவிழாவில் ‘இன்றைக்கு அளவெட்டி பத்மநாதன்’, ‘இன்றைக்குத் தெட்சணாமூர்த்தியின் தவில்’ என்று பெயர் சொல்லிச் சனம் திரண்ட காலத்தை அறிந்தவர்களுக்கு, ஆளுக்காக எழுதப்படும் இசை என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆகவே இதைக் கேட்கும்போது ‘இது என்ன வாத்தியம்’ என்பதுடன் நின்றுவிடாமல் ‘இது யார்’ என்றும் கேளுங்கள். பாதி இரசனை அங்கேயே கைவந்துவிடும்.

இலங்கைக்கு வந்தார் என்கிறீர்கள். அப்படியானால் இலங்கையைப் பற்றிய பகுதி எது?

பெயரளவில் எதுவும் இல்லை. டில்லிக்கு ஒன்று, ஆக்ராவுக்கு ஒன்று, ஈரானின் இஸ்பஹானுக்கு ஒன்று, லெபனானின் ஹரிசா மலைக்கு ஒன்று, யப்பானுக்கு ஒன்று. எங்களுக்கு ஒன்றுமில்லை. மனத்தாங்கல் கொள்வதானால் கொள்ளலாம். ஆனால் ஒரு பகுதிக்கும் அதன் தலைப்பிலுள்ள ஊருக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்தால் அந்தத் தாங்கல் குறைந்துவிடும். தொகுதியிலேயே மிகவும் புகழ்பெற்ற ‘இஸ்பஹான்’ பயணத்துக்கு முன்பே ஸ்ட்ரேஹோர்னால் வேறொரு பெயரில் எழுதப்பட்டிருந்தது. ஈரானின் அழகிய நகரத்தின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தொகுதியின் தலைப்பும் அப்படித்தான். சிரியாவும் லெபனானும் ஈரானும் எந்த வரைபடத்தில் தூர கிழக்கு ஆகும்? யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவை மேற்கே கிடக்கின்றன.

இதில் எந்த இராகம் வருகிறது?

சங்கீதம் கற்றவர்கள் பெரும்பாலும் இதையே முதலில் கேட்கிறார்கள். இராகம் எதுவும் இல்லை என்பதே நேரான விடை. சில இடங்களில் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும் அடுத்தடுத்து உரசிச் செல்லும்போது மாயாமாளவகௌளையின் சாயலோ வகுளாபரணத்தின் சாயலோ காதில் படலாம். அதைப் பிடித்துக்கொண்டு ஆரோகண அவரோகணம் எழுத முனைந்தால், நாலைந்து ஆவர்த்தனத்துக்குள் பிடி நழுவிவிடும்.

ஏன் நழுவுகிறது என்பதை அறிந்துகொள்வதே இந்த இசைக்குள் நுழைவதற்கான வாசல். எங்கள் இசையில் சுருதி அசையாது. தம்பூராவோ ஒத்தோ ஒரே ஆதார ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் இராகம் விரியும். ஜாஸில் கீழே ஒலிக்கும் ஆதாரம் ஓயாமல் இடம் மாறுகிறது. வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் இதனைச் சோதித்துப் பாருங்கள். வலக்கையால் ஒரு கட்டைச் சுரத்தை அழுத்திப் பிடியுங்கள். அந்த விரலை எடுக்க வேண்டாம். இப்போது இடக்கையால் கீழ் ஸ்தாயியில் முதலில் அதே ஒரு கட்டையை அழுத்துங்கள்: மேலே ஒலிப்பது ஷட்ஜம். இடக்கையை நாலு கட்டைக்கு மாற்றுங்கள்: மேலே மாறாமல் ஒலிக்கும் அதே சுரம் பஞ்சமமாகிவிட்டது. ஐந்தரைக் கட்டைக்குப் போங்கள்: அது அந்தர காந்தாரம். இரண்டு கட்டைக்கு வாருங்கள்: அது கைசிகி நிஷாதம். விரல் அசையவில்லை, சுரம் மாறவில்லை, ஆனால் அதன் முகம் மூன்று தடவை மாறிவிட்டது.

நம் வித்துவான்கள் எப்போதாவது கச்சேரியின் நடுவே, ஆதார ஷட்ஜத்தை வேறொரு சுரத்துக்கு மாற்றிப் பாடும் கிரக பேதம் செய்து காட்டும்போது சபை நிமிர்ந்து உட்காருகிறதே, அந்தக் கணம் இங்கே ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். இலக்கணப்படி இரண்டும் ஒன்றல்ல. கேட்கப் பழகுவதற்கு இந்த எண்ணம் உதவும் என்பதால் சொல்கிறேன். எலிங்டனும் ஸ்ட்ரேஹோர்னும் இந்த ஆதார மாற்றங்களை அமைப்பதில் பெருவல்லுநர்கள். மேலே செல்லும் மெட்டு மிக எளிமையாக இருக்கும். அதன் துயரமும் இனிமையும் கீழே நகரும் நான்கு ட்ரம்பெட், மூன்று ட்ரொம்போன், ஐந்து சக்ஸபோன் ஆகியவற்றின் அடுக்குகளில் இருந்தே ஊறி வரும்.

எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது?

மூன்றாவது பகுதியாகிய ‘இஸ்பஹான்’. நான்கு நிமிடம்தான். முழுவதும் ஜொனி ஹொட்ஜஸின் ஆல்டோ சக்ஸபோனுக்காக அமைந்தது.

நாதஸ்வரத்தில் சுரத்துக்குச் சுரம் தாவாமல், சீவாளியின் அழுத்தத்தாலும் விரலின் பாதித் திறப்பாலும் ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு உங்களுக்குத் தெரியும். சக்ஸபோன் சாவிகள் பூட்டிய வாத்தியம். சாதாரணமாக அதில் சுரங்கள் படிபடியாகவே வரும். ஹொட்ஜஸ் உதட்டையும் மூச்சையும் கொண்டு அந்தப் படிகளை அழித்துவிடுவார். தொடக்கத்தில் மேலே எழும் சுரத்தில் நின்று, பிறகு கீழ்நோக்கி இறங்கும் வாசகத்தைக் கவனியுங்கள்: இறங்கும் ஒவ்வொரு சுரத்தையும் அவர் அதன் சரியான இடத்துக்குச் சற்றுக் கீழே தொட்டு, அங்கிருந்து மெல்ல உயர்த்தி நிறுத்துகிறார். அந்த உயர்த்தலின் வேகம் ஒரு முறை இருந்ததுபோல் மறுமுறை இருப்பதில்லை. எங்கள் மொழியில் கமகம் என்று சொல்லத் தடையில்லை. ஆனால் இராக இலக்கணம் விதித்த கமகம் அன்று, ஒரு மனிதருடைய பேச்சுத் தொனி.

முதல் தடவை ஹொட்ஜஸை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை அவரை மறந்துவிட்டுப் பின்னால் ட்ரொம்போன்களும் ஏனைய சக்ஸபோன்களும் என்ன செய்கின்றன என்று கேளுங்கள். அவை சும்மா சுருதி கூட்டிக்கொண்டிருக்கவில்லை. அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் பதில் சொல்கின்றன, அவர் உச்சத்துக்கு ஏறும்போது சேர்ந்து எழுகின்றன, ஓரிடத்தில் சட்டென்று வாய்மூடி அவரைத் தனியே விட்டுவிடுகின்றன.

எவ்வளவு எழுதிவைத்து வாசிப்பது, எவ்வளவு அந்தக் கணத்தில் கற்பனை செய்வது?

கல்பித சங்கீதமும் மனோதர்ம சங்கீதமும் ஒரே கச்சேரியில் அருகருகே வருவது எங்களுக்குப் புதிதல்ல. இங்கேயும் இரண்டும் உண்டு. கலக்கும் விதம் வேறு. குழுவினர் அனைவரும் சேர்ந்து ஒலிக்கும் பகுதிகள் சுரத்துக்குச் சுரம் எழுதப்பட்டவை. அவற்றுக்கிடையே தனி வாசிப்புக்கென இடம் விடப்படும். அந்த இடத்தில் வாசிப்பவருக்கு ஆவர்த்தன எண்ணிக்கையும் அடியில் மாறிச்செல்லும் ஆதாரங்களின் ஒழுங்கும் முன்கூட்டியே தெரியும், மீதி அவருடையது. ‘இஸ்பஹான்’ நந்நான்கு அட்சரம் கொண்ட 32 கட்டுகள் சேர்ந்த வட்டமாகச் சுழல்வது. ஜாஸ் உலகில் மிகப் பழக்கமான அளவு அது.

முதல் பகுதியில் போல் கொன்சால்வஸின் டெனர் சக்ஸபோனைக் கேட்டால் கற்பனையின் மறுமுனை விளங்கும். 1956-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ஒரே பாட்டுக்குள் 27 சுற்றுகள் தொடர்ந்து தனி வாசித்துக் கூட்டத்தையே எழுந்து ஆடச் செய்தவர் அவர். இங்கே அந்த ஆவேசம் இல்லை. கீழே பேஸும் ட்ரம்ஸும் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அவர் புதிய ஊரின் தெருக்களில் வழி தெரியாமல் நடப்பவர் போலச் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்தப் பகுதியின் தலைப்பே ‘சுற்றுலாப் பயணியின் நோக்கு’ என்னும் பொருள் தருவது.

தாளத்தை எப்படிப் பிடிப்பது?

நான்கு எண்ணுங்கள், பெரும்பாலான இடங்களில் போதும். முதல் அடியில் தட்டிப் பழகிய கை, இங்கே இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் தட்ட வேண்டும் என்பதே சிக்கல். ‘ஸ்விங்’ எனப்படும் நடையில் ஓர் அட்சரத்தின் இரண்டு பாதிகளும் சமமாக இராது. முதற்பாதி நீண்டும் இரண்டாம் பாதி குறுகியும் வரும். மூன்றாகப் பிரித்து முதல் இரண்டைச் சேர்த்துவிட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். எனவே திஸ்ர நடை பழகியவர்களுக்கு உடம்பு தானாகவே அசையும். ஆறாவது பகுதியாகிய ‘புளூ பெப்பர்’ இதற்கு விலக்கு. புளூஸ் அடித்தளத்தின்மேல் ரூஃபஸ் ஜோன்ஸ் அந்தக் காலத்து ரொக் இசையின் நேர்நடையில் ட்ரம்ஸை முழக்குகிறார். தொகுதியிலேயே எனக்கு ஒட்டாத பகுதி இதுதான். கூச்சலுக்கு இருக்கும் உறுதி கருத்துக்கு இல்லை. இதையே முதலில் கேட்டு மகிழ்ந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடன் நான் வாதிடுவதில்லை.

மற்றப் பகுதிகளில் எதையெதைக் கவனிக்கலாம்?

எல்லாவற்றையும் சமமாக விளக்கத் தேவையில்லை. மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

‘புளூபேர்ட் ஒஃப் டெல்லி’ ஒரு மைனாவைப் பற்றியது. டில்லியில் ஸ்ட்ரேஹோர்னின் அறையருகே வந்து பாடிக்கொண்டிருந்த பறவையின் குரலை ஜிமி ஹமில்ட்டனின் கிளாரினெட் எடுத்துக்கொள்கிறது. பறவை தன் சின்ன வாசகத்தை விட்டுக்கொடுக்காமல் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அதைச் சுற்றி முழுக்குழுவும் பெருத்து வளர்ந்து வெடித்து அடங்குகிறது. பறவைக்கு ஒன்றும் உறைப்பதில்லை. விளாத்தியிலும் வேம்பிலும் காலை முழுவதும் சளசளக்கும் மைனாவைக் கேட்டவர்கள் புன்னகைக்காமல் இருக்க முடியாது. முடிவில் வரும் தாழ்ந்த கேலிச் சத்தத்தையும் தவறவிடாதீர்கள்.

‘ஆக்ரா’ ஹரி கார்னியின் பாரிடோன் சக்ஸபோனுக்கு உரியது. தாஜ்மகாலை இசையில் தீட்ட வந்தவர்கள் புல்லாங்குழலையோ வீணையையோ நாடியிருப்பார்கள். எலிங்டன் தம் குழுவிலேயே மிகக் கனமான, அடித்தொண்டைக் குரலைத் தேர்ந்தெடுத்தார். நிலவொளி, காதல் என்ற வழமையான படங்களை ஒதுக்கிவிட்டு, அது ஒரு சமாதி என்பதை அந்தக் குரல் நினைவூட்டுகிறது. அருமையான தெரிவு.

‘அமாட்’ பகுதியில் குழு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது லோரன்ஸ் பிரவுனின் ட்ரொம்போன் அந்த ஓட்டத்தில் சேராமல் உயரே நின்று நீட்டி அழைக்கிறது. தொழுகைக்கான அழைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது தெளிவு. ஐந்து சந்திப் பக்கம் மாலை வேளையில் வாகன இரைச்சலுக்கு மேலாகப் பாங்கு எழுவதைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பு விளக்கமின்றிப் புரியும்: இரைச்சல் நிற்பதில்லை, அழைப்பும் அதற்காக அவசரப்படுவதில்லை.

‘டெப்க்’ மத்திய கிழக்கில் கண்ட ஒரு கூட்டு நடனத்தின் நினைவு; இலகுவானது, கேட்டவுடன் பிடிக்கும். ‘மவுண்ட் ஹரிசா’ எலிங்டனின் பியானோவில் தொடங்கி, கொன்சால்வஸிடம் சென்று, பியானோவுக்கே திரும்புகிறது.

இதெல்லாம் கிழக்கை வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரப் பார்வைதானே?

வெள்ளைக்காரப் பார்வை அன்று என்பதை முதலில் சொல்ல வேண்டும். எலிங்டனும் ஸ்ட்ரேஹோர்னும் கறுப்பின அமெரிக்கர்கள். அவர்கள் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 1963 ஓகஸ்ட் 28-ஆம் திகதி, சம உரிமை கோரி வொஷிங்டனை நோக்கிய பெரும் பேரணி நடந்தது. தன் நாட்டிலேயே முழுக் குடிமகனாக நடத்தப்படாத ஒரு கலைஞனை, ‘எங்கள் ஜனநாயகத்தைப் பாருங்கள்’ என்று காட்டுவதற்காக அதே நாட்டு அரசு உலகமெங்கும் அனுப்பியது. அரசுகள் கலையை இப்படிப் பயன்படுத்துவது எங்களுக்கு வியப்பளிக்கும் செய்தியல்ல.

ஆயினும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சில வாரங்களில் பல நாடுகளைக் கடந்து சென்றவர் எவ்வளவைத்தான் அறிந்திருக்க முடியும்? எலிங்டனே இதனை மறைக்கவில்லை என்பதற்கு முதற்பகுதியின் தலைப்பு சான்று. அறியாத ஒன்றை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளும் போலித்தனம்தான் இவ்வகை ஆக்கங்களில் அருவருப்பூட்டுவது. இரவல் இராகத்தையும் இரவல் வாத்தியத்தையும் வைத்துச் செய்யப்பட்ட எத்தனையோ ‘கிழக்கு-மேற்குச் சங்கமங்கள்’ அதனாலேயே ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. இந்தத் தொகுதியில் நாங்கள் கேட்பது ஆக்ராவையோ டமஸ்கஸையோ அன்று. அவற்றைக் கண்டு திரும்பியவர்கள் தங்கள் பாஷையிலேயே சொல்வதை. அந்த அளவில் அது நேர்மையானது என்பது என் கணிப்பு. தலைப்புகளை அழித்துவிட்டுக் கேட்டாலும் இசை நிற்கும்.

எலிங்டனின் ஆக்கமா, ஸ்ட்ரேஹோர்னின் ஆக்கமா?

இருவருடையதும். ஸ்ட்ரேஹோர்ன் 1939 அளவில் எலிங்டனுடன் சேர்ந்தவர். அதன்பின் சுமார் கால் நூற்றாண்டுக்கு மேலாக இருவரும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து எழுதினார்கள். எந்த அட்சரம் யாருடையது என்று பிரித்தெடுப்பதற்கு ஆய்வாளர்கள் கையெழுத்துப் பிரதிகளைத் தேட வேண்டியிருந்தது. ‘இஸ்பஹான்’ ஸ்ட்ரேஹோர்னின் கை. மேடையில் எலிங்டனின் பெயர் ஒளிர்ந்த அளவுக்கு அவர் பெயர் ஒளிரவில்லை என்பது உண்மை. அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒலிப்பதிவு நடந்தபோது அவர் புற்றுநோயால் மெலிந்திருந்தார். 1967 மே 31-ஆம் திகதி தமது 51-ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு இந்தத் தொகுதிக்குப் பெருங்குழு ஜாஸ் பிரிவில் கிராமி விருது கிடைத்தபோது அவர் இல்லை.

கடைசிப் பகுதி ஏன் ஒட்டாததுபோல் ஒலிக்கிறது?

உங்கள் காதில் பிழையில்லை. ‘அட் லிப் ஒன் நிப்பொன்’ 1963-ஆம் ஆண்டுப் பயணத்துக்குரியதன்று. 1964-இல் எலிங்டன் யப்பானுக்குச் சென்றதன் விளைவு. மற்றவை பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நிமிடங்களுக்குள் முடிய, இது 11 நிமிடங்களுக்கு மேல் செல்கிறது. பியானோவும் பேஸும் தனித்து உரையாட, வெகுநேரம் கழித்தே குழு சேருகிறது. பிற்பகுதியில் ஹமில்ட்டனின் கிளாரினெட் முன்னுக்கு வருகிறது. தொடரின் முடிவாக எண்ணாமல், இடைவேளைக்குப் பின் வந்த தனிக் கச்சேரியாக எண்ணிக் கேட்டால் இதன் நிதானம் பிடிபடும். எலிங்டன் என்ற பியானோ வித்துவானை அறிய இதைவிட நல்ல இடம் இந்தத் தொகுதியில் இல்லை.

கைப்பேசியில் கேட்டால் போதாதா? ஒரே அமர்வில் முழுவதையும் கேட்க வேண்டுமா?

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் டபிள் பேஸும் பாரிடோன் சக்ஸபோனும் ஏறக்குறைய மறைந்துவிடும். கார்னி இல்லாத எலிங்டன் குழு, தவிலின் தொப்பிப் பக்கம் கிழிந்த மேளம். சாதாரண இயர்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

இசைத்தட்டாக வந்தபோது முதற்பக்கத்தில் ஐந்து பகுதிகளும் மறுபக்கத்தில் நான்கும் இருந்தன. ‘மவுண்ட் ஹரிசா’வுடன் நிறுத்தி, தட்டைத் திருப்பும் அளவுக்கு ஓய்வெடுத்துவிட்டுத் தொடர்வது நல்லது. பின்னாட்களில் வெளிவந்த பதிப்புகளில் அதே பகுதிகளின் மாற்று ஒலிப்பதிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. இணையத்தில் கேட்பவர்கள் அவற்றை முதலில் தவிர்த்துவிடலாம். ‘இஸ்பஹான்’ நன்கு மனத்தில் பதிந்த பிறகு மாற்றுப் பதிவைக் கேட்டால், எது எழுதப்பட்டது, எது அன்றைக்குத் தோன்றியது என்பது தானாகவே வெளிச்சமாகும்.

எங்கள் பாடசாலை மேலைத்தேய பாண்ட் மாணவர்கள் இதிலிருந்து ஏதாவது வாசிக்க முடியுமா?

முழுக்குழு அமைப்பு கடினம். அணிவகுப்புக்கு வாசித்துப் பழகியவர்களுக்கு உடனே கைவராது. ‘இஸ்பஹான்’ மெட்டை மட்டும் ஆல்டோ சக்ஸபோனிலோ கிளாரினெட்டிலோ மிக மெதுவாக வாசித்துப் பார்க்கலாம். சுரங்கள் ஒரு கிழமையில் வரும். ஹொட்ஜஸின் வழுக்கலுக்கு ஆசிரியரைவிட, உள்ளூர் நாதஸ்வரக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இதற்குப் பிறகு எதைக் கேட்கலாம்?

ஸ்ட்ரேஹோர்ன் மறைந்த சில மாதங்களில், 1967-இலேயே, எலிங்டன் அவருடைய ஆக்கங்களை மட்டும் கொண்டு ஓர் அஞ்சலித் தொகுதியை ஒலிப்பதிவு செய்தார். ஹொட்ஜஸின் குரலை விரும்பியவர்கள் அதற்குப் போகலாம். ஒக்கெஸ்ட்ரா ஜாஸின் இன்னொரு எல்லையைக் காண விரும்புபவர்களுக்கு, மைல்ஸ் டேவிஸும் கில் எவன்ஸும் 1960-இல் வெளியிட்ட ‘ஸ்கெட்சஸ் ஒஃப் ஸ்பெயின்’ இருக்கிறது. எவன்ஸ், எங்கள் உறவினரில் பாதிப்பேர் குடியேறியிருக்கும் ரொறன்ரோவில் பிறந்தவர். புனித வாரத்தில் ஸ்பெயின் நாட்டுத் தெருக்களில் சுரூபப் பவனி நிற்கும்போது மாடத்தில் நின்று ஒருவர் தனித்துப் பாடும் பாட்டை, டேவிஸின் ட்ரம்பெட் அதில் எடுத்துக்கொள்கிறது. தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பசாம் கேட்டு வளர்ந்த குருநகர், பாசையூர்ப் பக்கத்தவர்கள் ‘சயெட்டா’ என்ற அந்தப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு எலிங்டனும் ஸ்ட்ரேஹோர்னும் 1957-இல் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை வைத்து அமைத்த ‘சச் ஸ்வீற் தண்டர்’ பொருத்தமானது. ஒதெல்லோவையும் ஹம்லெட்டையும் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் சந்தித்தவர்கள், எந்தப் பாத்திரத்துக்கு எந்த வாத்தியக்காரரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சண்டை பிடிக்க அதில் நிறையவே இடமுண்டு.